மாற்று என்ஜினின் சாட்சியம்: திக்லிபூர் ஜீப் ஒன்றை முன்வைத்து

திக்லிபூரிலிருந்து ஏரியல் பே துறைமுகத்துக்குச் செல்லும் சாலையோரப் பட்டறை ஒன்றில் சென்ற குளிர்காலத்தில் ஒரு ஜீப்பைப் பார்த்தேன். குடியேற்ற வரலாறு தொடர்பான களப்பணிக்காகத்தான் வட அந்தமான் சென்றிருந்தேன். வண்டிகளுக்கும் எனக்கும் தொடர்பில்லை. ஆனால் அவ்வண்டியின் உரிமையாளர் என்னிடம் கேட்ட கேள்வி, ஆவணங்களை வாசிப்பவர் எவரும் தட்டிக்கழிக்க இயலாதது. கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து 1950களில் இங்குக் குடியமர்த்தப்பட்ட குடும்பம் ஒன்றின் பேரர் அவர். பாட்டனார் அரசுத்துறை ஏலம் ஒன்றில் எடுத்த வண்டி. “இது உலகப்போர் ஜீப், உள்ளே இருப்பது அமெரிக்க என்ஜின்” என்பது வீட்டில் வழங்கிவரும் செய்தி. “இதில் இருப்பது எந்த என்ஜின் என்று எழுதித் தரமுடியுமா, சார்?” என்றார்.

அவருடைய அக்கறை வெறும் குடும்பப் பெருமை சார்ந்ததன்று. 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் பழம்பெரும் வாகனங்களுக்கெனத் தனிப் பதிவுமுறை சேர்க்கப்பட்டது. முதற்பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த இருசக்கர, நான்குசக்கர வாகனங்களுக்குப் பதிவெண்ணில் ‘வி.ஏ.’ என்னும் எழுத்துகள் வழங்கப்படும். புதிய பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். அன்றாடப் பயன்பாட்டுக்கோ வணிகத்துக்கோ ஓட்டக்கூடாது. இவையெல்லாம் சரி. சிக்கல் வரையறையில் இருக்கிறது: வாகனம் மூலவடிவில் பேணப்பட்டிருக்க வேண்டும், சேஸிஸ், உடற்கூடு, என்ஜின் ஆகியவற்றில் மாற்றத்தை உள்ளடக்கிய பெரும் சீரமைப்பு எதற்கும் உட்பட்டிருக்கக் கூடாது. எனவே, பானட்டுக்குள் இருப்பது எந்த என்ஜின் என்ற கேள்வியின் விடைதான் அவ்வண்டி ‘வரலாறு’ ஆகுமா ஆகாதா என்பதைத் தீர்மானிக்கிறது.

என்ஜினை அடையாளம் காண்பதை ஒரு துறையாகவே வளர்த்தெடுத்தவர்கள் அமெரிக்கப் பழங்கார் சேகரிப்பாளர்கள். அதிலும் குறிப்பாக செவ்ரோலே கார்வெட் என்னும் ஸ்போர்ட்ஸ் காரைச் சேர்ப்பவர்கள். 1953-இல் ஃபிளின்ட் நகரில் 300 வண்டிகளோடு தொடங்கிய அக்கார், 1955-இல் வி-8 என்ஜின் பெற்றபின்னரே புகழடைந்தது. அதன் என்ஜினை வாசிக்கும் முறை நம் கல்வெட்டியலாளருக்கு அந்நியமாகத் தோன்றாது. சிலிண்டர் பிளாக்கின் பின்புறத்தில் வார்ப்பு எண் இருக்கும். அது வார்க்கப்பட்ட அச்சைக் காட்டுமேயன்றி வண்டியைக் காட்டாது. 3970010 என்ற புகழ்பெற்ற வார்ப்பு எண் கார்வெட்டிலும் உண்டு, அதே நிறுவனத்தின் சரக்குந்துகளிலும் உண்டு. அருகிலேயே வார்ப்பு நாள்: ஜனவரி முதல் டிசம்பர் வரை மாதத்துக்கு ஓர் எழுத்து, பிறகு தேதி, பிறகு ஆண்டின் கடைசி இலக்கம். பிளாக்கின் முன்புறம், வலப்பக்க ஹெட்டுக்கு முன்னால், மழமழவென்று சீவப்பட்ட சிறு திட்டு ஒன்று உண்டு. தொழிற்சாலைக் குறி, பூட்டிய நாள், எவ்வகைக் காருக்கு உரியது என்ற குறி ஆகியவை அதில் அடிக்கப்பட்டிருக்கும். 1960 முதல் வண்டியின் வரிசை எண்ணின் ஒரு பகுதியும் அங்கே சேர்ந்தது. வண்டியின் எண்ணும் என்ஜின் எண்ணும் பொருந்தினால் விலை பலமடங்கு. பொருந்தாவிட்டால் அது ‘வெறும் கார்’.

விலை கூடும் இடத்தில் போலியும் வரும். பழைய எண்ணைச் சீவிவிட்டு, வேண்டிய எண்ணைப் புதிதாக அடிப்பது அங்கே நெடுநாள் தொழில். அதைக் கண்டறிபவர்கள் எண்ணைப் பார்ப்பதற்கு முன் அத்திட்டின் மேற்பரப்பைப் பார்க்கிறார்கள். தொழிற்சாலை இயந்திரம் சீவிய நுண்கோடுகள் ஒரே திசையில் ஓடவேண்டும். கோடுகள் இல்லாவிட்டால் யாரோ சீவியிருக்கிறார்கள். தேய்ந்த பிளாக்கைச் சமன்செய்யும் நேர்மையான பட்டறை வேலையும் அக்கோடுகளை அழித்துவிடும் என்பது வேறு செய்தி. எழுத்தை விட்டுவிட்டுக் கல்லின் மேற்பரப்பைத் தடவிப் பார்க்கும் அனுபவம் உள்ளவர்களுக்கு இது புரியும்.

ஆனால் என் கவனத்தை ஈர்த்தது போலி அன்று. 1968 முதல் செவ்ரோலே நிறுவனம், ஐந்தாண்டு அல்லது 50,000 மைல் உத்தரவாதக் காலத்தில் பழுதான என்ஜின்களுக்கு ஈடாக வழங்கிய மாற்றுப் பிளாக்குகளில் ‘சி.இ.’ என்ற குறியை அடித்தது. அந்தத் திட்டு, ‘நான் இவ்வண்டியோடு பிறந்தவன் அல்லன், பின்னர் வந்து சேர்ந்தவன்’ என்று தானே ஒப்புக்கொள்கிறது. எண்பொருத்தக் கணக்கில் அது தோற்றுவிடும். ஆவணம் என்ற வகையிலோ குறை சொல்ல முடியாதது.

திருமழபாடிக் கோயிலை இங்கு நினைவுகூரலாம். முதலாம் இராசராசன் தன் 28-ஆம் ஆட்சியாண்டில் அக்கோயிலின் நடுவிமானத்தைப் பிரித்துக் கட்ட ஆணையிட்டபோது, பழைய சுவரிலிருந்த கல்வெட்டுகளைப் புத்தகத்தில் படியெடுத்து வைக்கவும் சொன்னான். அவை இராசேந்திரனின் 14-ஆம் ஆட்சியாண்டில் புதிய சுவரில் மீண்டும் வெட்டப்பட்டன; இவ்வளவும் அங்குள்ள கல்வெட்டிலேயே பதிவாகியுள்ளது. கல் புதிது, ஆனால் யாரும் அதைப் போலி என்று சொல்வதில்லை. மாற்றம் நிகழ்ந்தது என்பதையே அது சொல்லிவிடுவதால் பழைய கல்லைவிட ஒரு செய்தி கூடுதலாகவே நமக்குத் தருகிறது. சி.இ. குறி இவ்வகை. சீவி அடித்த எண் இதற்கு நேரெதிர்.

இந்த அளவுகோலோடு ஜீப்புக்கு வருவோம். இரண்டாம் உலகப்போருக்காக வில்லீஸ் நிறுவனம் எம்.பி. என்ற பெயரிலும் ஃபோர்டு நிறுவனம் ஜி.பி.டபிள்யூ. என்ற பெயரிலும் ஏறத்தாழ ஆறரை லட்சம் ஜீப்புகளைச் செய்தன. இரண்டும் ஒரே வரைபடம். பாகங்கள் ஒன்றுக்கொன்று பொருந்தும். ஃபோர்டு தன் வண்டியின் சேஸிஸிலும் என்ஜினிலும் ஒரே எண்ணை அடித்தது. வில்லீஸ் வண்டியில் அவ்விரு எண்களும் தொடக்கத்திலிருந்தே வேறுவேறு. ஆகவே, போர்க்கால வில்லீஸில் ‘எண்பொருத்தம்’ தேடுவதே பொருளற்றது. அதோடு, படைத்துறைப் பணிமனைகள் பழுதான என்ஜினை முழுதாகக் கழற்றிவிட்டு, செப்பனிட்டு வைத்திருந்த வேறொன்றைப் பூட்டி வண்டியை அனுப்பிவிடும். அதே என்ஜின் அதே வண்டிக்குத் திரும்பும் என்று எவரும் எதிர்பார்க்கவில்லை. போர் ஜீப்பின் இயல்பே என்ஜின் மாற்றம்தான்.

விடுதலை இந்தியாவின் முதல் ஊழல் குற்றச்சாட்டு என்று பேசப்படும் ‘ஜீப் விவகாரம்’ இதனோடு தொடர்புடையது என்பதை மாணவர்கள் பலர் கவனிப்பதில்லை. 1948-இல், இலண்டனில் இந்தியத் தூதராயிருந்த வி.கே. கிருஷ்ண மேனன் வழியாக ஒப்பந்தம் செய்யப்பட்டவை புதிய ஜீப்புகள் அல்ல. செப்பனிடப்பட்ட பழைய ஜீப்புகள். முதலில் வந்திறங்கிய 155 வண்டிகள் ஓட்டத் தகுதியற்றவை என்று மறுக்கப்பட்டன. நாடாளுமன்றக் குழு விசாரணை வரை சென்ற அவ்விவகாரம் 1955-இல் முடித்துவைக்கப்பட்டது. ‘செப்பனிடப்பட்டது’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்ற கேள்வி அன்றே எழுந்துவிட்டது.

திக்லிபூர் ஜீப் போர்க்காலத்தது அன்று என்பதை அறிய என்ஜினைப் பார்க்கவே வேண்டியதில்லை. போர் ஜீப்பின் தகட்டுக் கிரில்லில் ஒன்பது துளைகள்; பின்புறம் திறக்கும் பலகை கிடையாது. இவ்வண்டிக்கு ஏழு துளைகள், திறக்கும் பின்பலகை, எல்லாவற்றுக்கும் மேலாக உயர்ந்த பானட். அந்த உயரம் சி.ஜே.-3பி வகையின் முத்திரை. அவ்வகை 1953-இல்தான் அமெரிக்காவில் அறிமுகமாயிற்று. வில்லீஸ் ஜீப்புகளை 1947-இல் பூட்டத் தொடங்கிய மகிந்திரா, பின்னர் இந்தியாவில் பல பத்தாண்டுகள் செய்துவந்த ஜீப்பும் இந்த உயர்பானட் வடிவமே. செய்தியைச் சொன்னபோது உரிமையாளரின் முகம் சற்று வாடியது.

பானட் ஏன் உயர்ந்தது என்பதே ஒரு என்ஜின் மாற்றத்தின் கதை. போர் ஜீப்பின் என்ஜினில் உள்ளிழுக்கும் வால்வும் வெளியேற்றும் வால்வும் பிளாக்கின் பக்கவாட்டில் இருந்தன. ஹெட் தட்டையான ஒரு மூடி. அதன் வழிவந்த ‘ஹரிகேன்’ என்ஜினில் உள்ளிழுக்கும் வால்வை ஹெட்டுக்கு மாற்றினார்கள், அதன்மேல் கார்புரேட்டர். உயரம் கூடியது, பானட்டை உயர்த்தினார்கள். இரண்டிலும் போர் 3.125 அங்குலம், ஸ்ட்ரோக் 4.375 அங்குலம், கொள்ளளவு 134 கன அங்குலம், அதாவது 2199 சி.சி. கொள்ளளவை மட்டும் அளப்பவருக்கு இரண்டும் ஒன்றே. பானட்டைப் பார்ப்பவருக்குத்தான் வேறுபாடு தெரியும்.

இவ்வண்டியில் இவ்விரண்டுமே இல்லை. பானட்டைத் தூக்கியதும் கண்ணில் பட்டது ஒரு டீசல் என்ஜின்.

தொழிற்சாலையிலேயே டீசலாகப் பிறந்ததா, பின்னர் மாற்றப்பட்டதா? விடை டேஷ்போர்டில் கிடந்தது. பெட்ரோல் வண்டிக்கு மட்டுமே வேண்டிய சோக்குக் குமிழ் இன்னும் அங்கே இருந்தது. அதன் கம்பியைத் தொடர்ந்து சென்றால், அது டீசல் பம்பின் நிறுத்தும் நெம்புகோலில் போய் முடிந்தது. பெட்ரோல் காலத்தில் வண்டியைக் கிளப்ப இழுத்த குமிழை, டீசல் காலத்தில் நிறுத்த இழுக்கிறார்கள். பட்டறைக்காரர் இராமநாதபுரத்துப் பக்கத்திலிருந்து வந்து முப்பதாண்டுகளுக்கு மேலாக இங்கிருப்பவர். “நல்ல கம்பிய ஏன் தூரப் போடணும்? இழுத்தா ஒரு வேலை நடக்கணும், அவ்வளவுதானே தம்பி” என்றார். மூன்று கியர் கொண்ட பழைய கியர்பாக்ஸ் அப்படியே இருந்தது. அதற்கும் என்ஜினுக்கும் நடுவே கையால் அறுத்துச் செய்த தடித்த இரும்புத் தட்டு. சேஸிஸில் பழைய என்ஜின் தாங்கிகளின் ஆணித்துளைகள் வெறுமையாயிருக்க, சற்றுத் தள்ளிப் புதிய தாங்கிகள் வெல்டு செய்யப்பட்டிருந்தன. மாற்றம் உறுதி.

எந்த டீசல்? 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு பெட்ரோல் ஜீப்புக்கு டீசல் என்ஜின் பூட்டுவது இந்தியா முழுவதும் பட்டறைகளின் வாடிக்கையான வேலையாயிற்று. வேட்பாளர்கள் பலர். சென்னை சிம்சன் நிறுவனம் செய்த பெர்க்கின்ஸ் பி-4. மகிந்திரா 1980களில் தன் ஜீப்புகளில் பொருத்திய பிரெஞ்சு பியூஜோ. மேடடார் வேனில் வந்த மெர்சிடிஸ் வழி என்ஜின். நான்காவதாக, டிராக்டர் வழி என்ஜின்: 1963-இல் மகிந்திராவும் அமெரிக்காவின் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டரும் வோல்டாஸும் சேர்ந்து தொடங்கிய டிராக்டர் நிறுவனம் பி-275 டிராக்டரைச் செய்தது, அதன் என்ஜின் அமெரிக்க நிறுவனத்தின் பிரிட்டிஷ் கிளையில் உருவானது. அதன் வளர்ச்சிகளே பின்னாளில் மகிந்திராவின் டீசல் ஜீப்புகளுக்குள் நுழைந்தன.

எண்ணைப் படித்தால் முடிந்துவிடும் வேலைதான். ஆனால் கடற்காற்று படும் ஊரில் பிளாக்கின் எண் துருவுக்கும் கிரீசுக்கும் அடியில் பாதி மறைந்துபோயிருந்தது. பெயர்த்தகடு இல்லை. ஆகவே அளந்தோம். கேஸ்கெட் போனதால் ஹெட் ஏற்கெனவே கழற்றப்பட்டிருந்தது எங்கள் நல்வாய்ப்பு. பிஸ்டனை மேல் எல்லைக்கும் கீழ் எல்லைக்கும் கொண்டுசென்று வெர்னியரின் ஆழக்கம்பியால் அளந்தால் ஸ்ட்ரோக் கிடைக்கும். போர் தேய்ந்து அகலும், ரீபோர் செய்தாலும் மாறும். ஸ்ட்ரோக்கை நிர்ணயிப்பது கிராங்க் ஷாஃப்ட் என்பதால் அது வண்டியின் ஆயுள் முழுதும் ஏறத்தாழ மாறாது. பெர்க்கின்ஸ் பி-4 என்றால் 5 அங்குலம், அதாவது 127 மி.மீ. வரவேண்டும். மெர்சிடிஸ் வழியென்றால் 92.4. பியூஜோவின் எக்ஸ்.டி.பி. 4.90 என்றால் 83. அதன் பெயரிலுள்ள 4 சிலிண்டர்களின் எண்ணிக்கை, 90 போரின் மில்லிமீட்டர்.

எங்களுக்குக் கிடைத்தது நூற்றொன்றரையை ஒட்டிய அளவு. மூன்று சிலிண்டர்களில் மாற்றி மாற்றி அளந்தோம். 101.6 மி.மீ. என்பது மெட்ரிக் அளவில் சிந்திக்கும் எந்தப் பொறியாளரும் தானாகத் தேர்ந்தெடுக்கும் எண் அன்று. அது துல்லியமாக 4 அங்குலம். போர் 89-ஐத் தொட்டது, 3.5 அங்குலம் என்பது 88.9 மி.மீ., மிச்சம் தேய்மானம். பெருக்கிப் பார்த்தால் 2523 சி.சி. இதே குடும்பத்தின் முந்தைய என்ஜினுக்கும் ஸ்ட்ரோக் 4 அங்குலமே. ஆனால் அதன் போர் 85.7 மி.மீ. தான். மூன்று மில்லிமீட்டருக்கு மேல் எந்த ரீபோரும் போகாது. பிஸ்டன் தலையில் கிண்ணம்போன்ற பள்ளம், ஹீட்டர் பிளக்குகள் இல்லாமை ஆகிய இரண்டும் எரிபொருளை நேரடியாகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் டி.ஐ. வகை என்பதை உறுதிசெய்தன. மகிந்திராவின் ஜீப்புகள் பலவற்றிலும் பின்னர் பொலேரோ டி.ஐ.யிலும் வந்த 2523 சி.சி. என்ஜின் இதுவே.

வெர்னியரைத் தேடிக்கொண்டிருக்கும்போதே பட்டறைக்காரர் பியூஜோவை விலக்கிவிட்டிருந்தார் என்பதையும் பதிவுசெய்ய வேண்டும். “இதுக்கு ஒன்பதுக்குப் பதினாறு ஸ்பானர்தான் உக்காருது. பிரெஞ்சுக்காரன் வண்டின்னா பதினாலு, பதினேழுன்னு மில்லிமீட்டர் கேட்கும்” என்றார். ஸ்பானர்ப் பெட்டியும் ஓர் ஆவணக் காப்பகம் என்று அப்போதுதான் உறைத்தது.

ஆக, வீட்டார் சொன்ன ‘அமெரிக்க என்ஜின்’ என்பது முழுப் பிழையுமன்று. அமெரிக்க நிறுவனத்தின் பிரிட்டிஷ் கிளையில் உருவாகி, இந்திய வயல்களில் டிராக்டராக உழுது, போரும் எரிபீய்ச்சும் முறையும் மாறி, கடல்கடந்து இங்கு வந்து, அமெரிக்க உரிமத்தில் பிறந்த ஓர் உடற்கூட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறது. வாய்மொழி வரலாற்றில் நாம் அடிக்கடி காண்பதுதான் இது: செய்தி பிழையாகவும் குறிப்பு சரியாகவும் இருக்கும்.

ஏன் மாற்றினார்கள் என்பதை இவ்வூரின் அமைவிடமே ஓரளவு விளக்குகிறது. தலைநகரிலிருந்து அந்தமான் பெருஞ்சாலை வழியே ஏறத்தாழ 325 கிலோமீட்டர். அச்சாலை முழுமை பெறும்வரை கப்பலே கதி. ஹரிகேன் என்ஜினுக்குரிய ஒரு வால்வோ கார்புரேட்டரோ வேண்டுமென்றால் சென்னைக்கோ கல்கத்தாவுக்கோ எழுதிப்போட்டுக் காத்திருக்க வேண்டும். நெல் விளையும் திக்லிபூரிலோ டிராக்டரும் அதை அறிந்த கைகளும் உண்டு. டிராக்டர்க் குடும்பத்து என்ஜின் ஜீப்புக்குள் போனது சிக்கனம் மட்டுமன்று; உதிரிபாகமும் அறிவும் எங்கே கிடைக்கின்றனவோ அங்கே சென்று சேர்ந்துகொள்ளும் தீவுப்புறத்துப் பகுத்தறிவு. தொழில்நுட்ப வரலாற்றை நாம் பெரும்பாலும் கண்டுபிடிப்புகளின் வரலாறாகவே எழுதுகிறோம். பயன்பாட்டின், பழுதுபார்ப்பின் வரலாறாக எழுதினால் இந்தத் தடித்த இரும்புத் தட்டுக்குத் தனி அதிகாரமே ஒதுக்கவேண்டியிருக்கும்.

ஆர்.சி. புத்தகத்தையும் பார்த்தேன். பழைய கையெழுத்துப் புத்தகம். ஓரங்கள் பூஞ்சையில் கரைந்திருந்தன. எரிபொருள் என்ற இடத்தில் ‘பெட்ரோல்’ என்பது கோடிட்டு அடிக்கப்பட்டு ‘டீசல்’ என்று எழுதப்பட்டிருந்தது. பழைய என்ஜின் எண்ணின்மேல் ஒரு கோடு, கீழே புதிய எண், பக்கத்தில் முத்திரையும் சுருக்கொப்பமும். தேதி நீரில் கலைந்துவிட்டது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு வாகன மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது. அக்கட்டுப்பாட்டுக்கு உட்பட்டு முறையாகப் பதிவுசெய்யப்பட்ட மாற்றம் இது. அடித்த எழுத்தும் படிக்கும்படியே இருந்தது. திருமழபாடிச் சுவரைப்போல, மாற்றத்தை மறைக்காத ஏடு.

இதே வண்டிக்கு மறுகரையிலிருந்து ஒரு தரகர் வேறு வழி சொல்லியிருக்கிறார். எங்கேனும் ஒரு பழைய ஹரிகேன் என்ஜினை வாங்கி, அதன் எண்ணைச் சீவி, ஆர்.சி.யில் கோடிட்ட பழைய எண்ணை அதில் அடித்து, டீசலைக் கழற்றிவிட்டால் ‘ஒரிஜினல்’ ஆகிவிடும், ‘வி.ஏ.’ எண்ணும் கிடைக்கும், விலையும் ஏறும். விதியின் எழுத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் தரகரின் கணக்கு தவறில்லை என்பதுதான் என்னைத் துன்புறுத்துகிறது. முத்திரையோடு பதிவான உண்மையான மாற்றம் வண்டியைத் தகுதியிழக்கச் செய்கிறது. பதிவாகாத போலி அதைத் தகுதியாக்குகிறது. விதியை எழுதியவர்களின் நோக்கம் இதுவன்று என்பதில் எனக்கு ஐயமில்லை. அரச குடும்பங்களின் கொட்டகைகளில் துணிபோர்த்தி நின்ற கார்கள் அவர்கள் மனக்கண்ணில் இருந்திருக்கலாம். ஓடாத வண்டியின் என்ஜின்தான் ஐம்பதாண்டு மாறாமல் இருக்கும். ஓடி உழைத்த வண்டிகளுக்கு, பதிவுபெற்ற மாற்றங்களை வண்டியின் வரலாற்றுக் குறிப்பாக ஏற்கும் ஒரு துணைவகையேனும் அவ்விதிகளில் இருந்திருக்க வேண்டும். சட்டம் பயிலும் நண்பர்கள் இதில் மாறுபடக்கூடும், எழுதுங்கள்.

உரிமையாளர் கேட்டபடி இரு பக்கம் எழுதிக் கொடுத்தேன்: உடற்கூடு சி.ஜே.-3பி வடிவம், போருக்குப் பிந்தையது. முதல் என்ஜின் பெட்ரோல், சோக்குக் குமிழும் ஆர்.சி.யும் சான்று, இப்போதுள்ளது 2523 சி.சி. டி.ஐ. டீசல், போர் ஸ்ட்ரோக் அளவுகள் கீழே. பிளாக்கில் எஞ்சிய எண்ணைக் கம்பித்தூரிகையால் துடைத்து, வெள்ளைத்தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தோம். சேஸிஸ் பிரிண்ட் எடுக்கும் அதே முறை, நமக்கு மைப்படி. கடைசி இரண்டு இலக்கங்கள் விழவில்லை. அந்தத் தாளை ஆர்.சி. புத்தகத்துக்குள் மடித்துவைத்த உரிமையாளர், கேஸ்கெட் அடுத்த கப்பலில் வருமா என்று பட்டறைக்காரரிடம் கேட்கத் தொடங்கினார்.